தினமும் சீவியும் ஷிட்ஸுவுக்குச் சடை விழுவது ஏன்?

ஷிட்ஸு நாய் வளர்க்கும் வீடுகளிலிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். தினமும் சீவுகிறோம் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். பிரஷ் முதுகில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, முடியும் பளபளவென்று படிகிறது. ஆனால் பிரஷ் தொட்டது மேல் அடுக்கை மட்டுமே. தோலை ஒட்டிய அரை அங்குலத்தில் சிக்கு விழுந்து, நாளாக ஆக இறுகிச் சடையாகிவிடுகிறது. கைக்கு அது கட்டியாகத் தட்டுப்படும்போது பாதிக் காலம் கடந்திருக்கும்.

ஷிட்ஸுவுக்கு இரண்டடுக்கு முடி: வெளியே நீளமான முடி, அடியில் மெத்தென்ற உள்முடி. லேப்ரடாருக்கு முடி உதிர்ந்தால் தரையிலும் சோபாவிலும் கிடக்கும். ஷிட்ஸுவுக்கு உதிரும் உள்முடியில் பெரும்பகுதி கீழே விழாமல் நீள முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ‘முடி கொட்டாத நாய்’ என்று சொல்லி விற்கிறார்களே, அதன் மறுபக்கம் இது. மாட்டிய முடியோடு உராய்வும் ஈரமும் சேரும் இடங்களில்தான் சடை தொடங்கும். காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) அமரும் இடம், தொடை இடுக்கு, பின்னந்தொடை, விரலிடுக்கு, தாடை. சீவ ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் முதுகை விட்டுவிட்டு இந்த இடங்களைச் சீவுங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது பட்டையையும் ஹார்னஸையும் கழற்றிவிடுங்கள்.

கருவிகள் இரண்டு போதும். மெல்லிய வளைந்த கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று. ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லும் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்று. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீப்பை வாங்குங்கள், அடியில் சிக்கு இருக்கிறதா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். காய்ந்த முடியைச் சீவினால் முறியும். அதனால் 250 மி.லி. தண்ணீரில் நாய்களுக்கான கண்டிஷனர் ஒரு டீஸ்பூன் கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொண்டு, லேசாகத் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். வகிட்டுக்குக் கீழே விழும் மெல்லிய வரிசையை மட்டும் வேரிலிருந்து நுனிவரை சீவுங்கள். அது முடிந்ததும் அரை அங்குலம் மேலே அடுத்த வகிடு. காலில் பாதத்திலிருந்து மேல்நோக்கி, உடலில் வயிற்றோரத்திலிருந்து முதுகை நோக்கிப் போக வேண்டும். ஸ்லிக்கரை அழுத்தக் கூடாது. எவ்வளவு அழுத்தம் என்று தெரிய, உங்கள் முன்கையின் உட்புறத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் தோல் சிவந்து எரியும், அடுத்த நாள் பிரஷைப் பார்த்ததும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கடைசியில் சீப்பின் நெருக்கப் பல் வேரிலிருந்து நுனிவரை தடங்கலின்றி வர வேண்டும். வராத இடத்தில் வேலை பாக்கி இருக்கிறது.

சடைக்குப் பெரிய காரணம் குளியல் என்றால் பலர் நம்புவதில்லை. “குளிப்பாட்டினால் சிக்கு இளகிவிடும்” என்று நினைத்துச் சிக்கோடு குளிப்பாட்டுகிறார்கள். கம்பளியை நனைத்துக் கசக்கினால் எப்படிச் சுருங்கி இறுகுமோ, அப்படியே இங்கும் சிக்கு இறுகிவிடும். முதலில் சிக்கெடுப்பு, பிறகுதான் தண்ணீர். ஷாம்பூவை நீர்த்து ஊற்றி, முடி போகும் திசையிலேயே கையால் நீவுங்கள். தலைக்குத் தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்க்க வேண்டாம். கண்டிஷனர் போட்டு, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். துண்டாலும் ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து உலர்த்தல். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில், அதுவும் மழை மாதங்களில், உள்முடி தானாகக் காய நெடுநேரம் ஆகும். வெயிலில் விட்டால் மேலே காய்ந்துவிடும், அடியில் ஈரம் நிற்கும். சுருண்டு காயும் முடி சிக்காகும், தோலில் பூஞ்சைத் தொற்றும் நாற்றமும் வரும். டிரையரைக் குறைந்த சூட்டிலோ குளிர்காற்றிலோ வைத்து, காற்று விழும் இடத்தைச் சீவிக்கொண்டே தோல்வரை உலர்த்துங்கள். மூக்குச் சப்பையான நாய் இது, சூட்டைத் தாங்காது. வாயைத் திறந்து வேகமாக மூச்சிரைத்தால் உடனே நிறுத்துங்கள். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் வேண்டவே வேண்டாம். தூசி ஒட்டும், முடி பிசுபிசுத்துச் சேரும், நாய் நக்கிக்கொண்டே இருக்கும்.

சடை விழுந்துவிட்டால்? விரல்நுனி அளவு என்றால் கொஞ்சம் சோள மாவைத் தூவி, தோல் இழுபடாதபடி சடையின் அடியை இறுகப் பிடித்து, விரலால் நெடுக்குவாக்கில் பிரித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கலாம். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். சடைக்குள் தோல் கூடாரமாக மேலே இழுபட்டிருக்கும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். அக்குளிலும் காது விளிம்பிலும் இப்படி வெட்டுப்பட்டுத் தையல் போட வரும் நாய்கள் உண்டு.

சீப்பு அடியில் நுழையவே இடமில்லை என்றால் மழித்தல் ஒன்றே வழி. தொழில்முறையில் சிக்கெடுப்பவர் முடி மழிக்கும் மெஷினின் 10ஆம் எண் பிளேடைச் சடைக்கும் தோலுக்கும் நடுவே ஓட்டுவார். 1.5 மி.மீ. அளவு முடி மிஞ்சும். சடை ஒரே தகடாகப் பெயர்ந்து வரும். அதன் அடியில் தோல் ஈரமாகச் சிவந்திருக்கும், விரலிடுக்கில் உண்ணிகள் வரிசையாக ஒட்டியிருக்கும், சில நாய்களுக்குப் புழு வைத்த புண்கூட இருக்கும். “அழகு போய்விடுமே, எப்படியாவது சீவி எடுத்துவிடுங்கள்” என்று கேட்காதீர்கள். மணிக்கணக்கில் முடியைப் பிடுங்குவது அந்த நாய்க்குச் சித்திரவதை. காதுச் சடையை எடுத்தபின் நாய் ஓயாமல் தலையை உதறும். அதில் காது மடலில் ரத்தம் கட்டி வீங்கலாம். இரண்டு நாள் காதைக் கவனியுங்கள், வீக்கம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தரையைத் தொடும் முடி கண்காட்சி நாய்களுக்கு. அதற்கு ஒரு நாள்கூடத் தவறாமல் சீவ வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு 1 அங்குல நீளமே போதும் என்பது எங்கள் கருத்து: வாரத்துக்கு மூன்று முறை சீவல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு குளியல், 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு கத்தரிப்பு. குட்டி முடி மாறிப் பெரிய முடி வரும் பருவத்தில், ஏறக்குறைய 10 மாத வயதையொட்டி, இந்தக் கணக்கு செல்லாது. நேற்று சீவிய இடத்தில் இன்று சிக்கு இருக்கும், அந்தச் சில மாதங்கள் தினமும் சீவியாக வேண்டும்.

பொமரேனியன் வைத்திருப்பவர்களுக்கு வகிடெடுத்துச் சீவுவதும் குளியலும் இதே முறைதான். கோடைக்காக அதை ஒட்ட மழிக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்; மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி வளராமலே போகலாம், சில நாய்களுக்குப் பழையபடி வருவதே இல்லை.