எர்த் பின்னில் செருகும் படுக்கை விரிப்பும் பூமியின் மின்னூட்டமும்

வீடுகளின் எர்த்திங்கைச் சோதித்துக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் போகிற இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "சார், எர்த்திங் மேட் வாங்கிப் படுத்தால் உடம்புக்கு நல்லதாமே?" பூமியில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது, செருப்பும் டைல்ஸும் நம்மை அதிலிருந்து பிரித்துவிட்டன, விரிப்பின் வயரைச் சாக்கெட்டின் எர்த் துளையில் செருகினால் எலக்ட்ரான்கள் உடலில் ஏறும் என்பது விற்பவர்கள் சொல்லும் விளக்கம். இதில் முதல் பகுதி மட்டும் உண்மை.

வானம் தெளிந்த நாளில், திறந்தவெளியில், தரைக்கு மேலே ஒரு மீட்டர் ஏறினால் மின்னழுத்தம் சுமார் 100 வோல்ட் கூடுகிறது. தரைக்கும் வளிமண்டலத்தின் உச்சியில் மின்சாரம் கடத்தும் அயனி மண்டலத்துக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை லட்சம் வோல்ட் வித்தியாசம். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்ற இந்த ஏற்றத்தைத்தான் மின்புலம் என்கிறோம். ஆனால் அந்தப் புலத்துக்கு வேண்டிய மின்னூட்டத்தைக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு ஒரு நானோகூலூம்கூடத் தேறாது (கூலூம் என்பது மின்னூட்டத்தின் அலகு; நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). பூமிப் பரப்பு முழுவதையும் கூட்டினால் சுமார் 5 லட்சம் கூலூம். மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோமே, 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி, அது முழுதாக இறங்கும்போது கம்பியில் ஓடுவது 5 லட்சத்து 40 ஆயிரம் கூலூம். கோள் முழுவதும் பரவிக் கிடப்பது அவ்வளவுதான்.

அதுவும் பூமியின் நிகர மின்னூட்டம் அல்ல. தரையில் உள்ள எதிர் மின்னூட்டத்துக்கு ஏறக்குறைய ஈடான நேர் மின்னூட்டம் மேலே காற்றில் இருக்கிறது, பெரும்பகுதி முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே. அதனால் 10 கிலோமீட்டர் உயரத்தில் புலம் மீட்டருக்குச் சில வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. வெகு தொலைவிலிருந்து பார்த்தால் பூமி கிட்டத்தட்ட நடுநிலையான பொருள்.

இருக்கிற கொஞ்சமும் கசிந்துகொண்டே இருக்கிறது. காஸ்மிக் கதிர்களும் மண்ணிலுள்ள கதிரியக்கமும் காற்றில் அயனிகளை உண்டாக்குவதால், உலகம் முழுவதும் சேர்த்து ஆயிரம் ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தரைக்கு வருகிறது. அப்படியே விட்டால் பத்து நிமிடம்போலத் தாங்கும். தாங்க வைப்பவை இடிமேகங்கள் என்று 1920-களில் சொன்னவர் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன். கார்னகி என்ற ஆய்வுக் கப்பல் 1929 வரை பெருங்கடல்களில் எடுத்த அளவீடுகள் அதற்கு வலுச் சேர்த்தன. கப்பல் எந்தக் கடலில் நின்றாலும், புலம் உச்சம் தொட்டது ஒரே நேரத்தில்: நம் கடிகாரத்தில் நள்ளிரவு 12.30 வாக்கில். அமெரிக்கக் கண்டங்களில் பிற்பகல் இடிமழை மும்முரமாக இருக்கும் வேளை அது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் இந்தப் புலத்தை அளந்திருக்கிறது.

இனி விரிப்புக்கு வருவோம். கான்கிரீட் வீடு தரையோடு மின்தொடர்பில் இருப்பதால் அதற்குள் பூமியின் இந்தப் புலம் நுழைவதே இல்லை. திறந்தவெளியில் நின்றாலும் சதுர மீட்டருக்கு வந்து சேரும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் லட்சம் கோடியில் இரண்டு பங்கு. படுக்கையறையில் அதுவும் கிடையாது.

பிறகு மல்டிமீட்டரில் காட்டுகிறார்களே? அந்த வித்தையை நிதானமாகப் பாருங்கள். கறுப்பு வயரை எர்த்தில் செருகிவிட்டு, சிவப்பு வயரின் முனையை உங்கள் கையில் கொடுப்பார்கள். மீட்டர் 2 அல்லது 3 வோல்ட் காட்டும். விரிப்பில் கை வைத்ததும் பூஜ்யத்துக்கு அருகே விழும். "பார்த்தீர்களா, பூமி உறிஞ்சிவிட்டது" என்பார்கள். மீட்டரின் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: ஏ.சி. வோல்ட்டில். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் வயர் உங்கள் உடலில் தூண்டும் 50 ஹெர்ட்ஸ் அழுத்தம் அது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு இதையே செய்யச் சொல்லுங்கள். பூமியின் புலமோ ஒரே திசையில் நிற்பது. அந்த அமைப்பில் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

பயனில்லை என்பதோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பழைய வீடுகளில் எர்த் வயர் இழுக்காமல், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருப்பதை இன்றும் பார்க்கிறேன். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்து, ஏதாவது ஒரு விளக்கு ஸ்விட்ச் போட்டிருந்தால், எர்த் பின்னுக்கு 230 வோல்ட் வந்து நிற்கும். அதில்தான் விரிப்பு, அதன்மேல்தான் வியர்த்த உடம்பு.

எர்த் சரியாக இருந்தாலும் வேறொரு சிக்கல் உண்டு. எர்த்தோடு இணைந்த உடம்பு, பழுதான சார்ஜரையோ டேபிள் விளக்கையோ தொட்டால், மின்சாரத்துக்கு வழி தயார். வயரில் தடுப்பு மின்தடை இருப்பதாகச் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். இருந்தால் நல்லதுதான். சாக்கெட்டில் செருகும் முன் பின்னுக்கும் விரிப்பின் பொத்தானுக்கும் இடையே ஓம் அளந்தால் தெரிந்துவிடும்; ஒரு லட்சம் ஓமுக்குக் குறைந்தால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இடி நேரம் இன்னும் மோசம். மேகத்தின் அடியில் புலம் மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, பெரும்பாலும் திசையும் மாறிவிடும். 30,000 ஆம்பியர் மின்னல் 5 ஓம் எர்த் குழியில் இறங்கினால் அந்தக் கணம் குழியே ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும். அந்தக் குழியின் வயர்தான் சாக்கெட்டின் எர்த் துளைக்கு வருகிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து, சாக்கெட்டைக் கழற்றி எர்த் துளையில் வந்து சேர்வது பச்சை வயரா, நியூட்ரலிலிருந்து வரும் துண்டு வயரா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்த கையோடு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.