பழகுவதற்கு எழுதிய லைப்ரரியை வேலைக்கு எடுக்கும் முன்

ப்ரோக்ராமிங் பழகும் பிள்ளைகள் பலர் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் "யூடில்ஸ்" என்று ஒரு ரெப்போ (கோட் தொகுப்பு) வைத்திருக்கிறார்கள். பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரிக்க ஒன்று, டூப்ளிகேட் நீக்க ஒன்று, வாக்கியத்தைத் திருப்பிப் போட ஒன்று, அடுத்தடுத்து வரும் அழைப்புகளில் கடைசியை மட்டும் ஓடவிடும் டிபவுன்ஸ், ஆப்ஜெக்டை உள்ளே இருப்பதோடு முழுதாக நகலெடுக்கும் டீப் க்ளோன் என்று சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். கோட் ரிவ்யூவும் இன்டர்வியூவும் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், டுடோரியல் பார்த்துப் போட்ட டூ-டூ ஆப்பைவிட இதில்தான் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பது தெரிகிறது. டிபவுன்ஸை ஒருமுறை கையால் எழுதினால் க்ளோஷர், அதாவது ஒரு ஃபங்ஷன் தான் பிறந்த இடத்தின் மாறிகளை நினைவில் வைத்திருப்பது, புரிந்துவிடும். அதனால் தாராளமாக எழுதுங்கள்.

கவலை அதற்கு அடுத்த கட்டத்தில்தான். வேலையில் சேர்ந்ததும் அந்த ஃபைலை அப்படியே ப்ராஜெக்டுக்குள் காப்பி பண்ணிவிடுகிறார்கள், டெஸ்ட் கேஸ் என்று பார்த்தால் "ஹலோ" மட்டும்தான் இருக்கும்.

நம் ஊரில் இது முதலில் அடிவாங்கும் இடம் தமிழ்ப் பெயர்கள். கார்த்திக் என்ற பெயரில் நமக்கு 5 எழுத்து, ஆனால் ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 10 என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். நீளமான பெயரைச் சுருக்கும் உங்கள் ஃபங்ஷன் 9-இல் வெட்டினால் புள்ளி போய் "கார்த்திக" என்று பில்லிலும் மெசேஜிலும் அச்சாகும், திருப்பிப் போடும் ஃபங்ஷனோ புள்ளியை எடுத்து முதலில் வைத்து பெயரையே உடைத்துவிடும். மூன்று புள்ளி வைக்கும் ஸ்ப்ரெட் போட்டுப் பிரித்தாலும் இது சரியாகாது. இன்டில் செக்மென்டர் என்று ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒன்று இருக்கிறது, அதை கிராஃபீம் முறையில், அதாவது நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதை ஒன்றாக எண்ணும்படி ஓட்டினால் சரியாக 5 வரும். பயிற்சியில் "ஹலோ"வுக்குப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தமிழில் ஒரு டெஸ்டாகப் போட்டிருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம் டீப் க்ளோன். ஆப்ஜெக்டை ஜேசானாக (தரவை எழுத்தாக வைக்கும் வடிவம்) மாற்றித் திரும்பப் பிரிக்கும் அந்த ஒற்றை வரி, தேதியை வெறும் ஸ்ட்ரிங் ஆக்கிவிடும், அன்டிஃபைன்டு (மதிப்பு எதுவும் வைக்காத) மதிப்புகளைச் சத்தமில்லாமல் தொலைத்துவிடும். இப்போது பிரவுசரிலும் நோடிலும் ஸ்ட்ரக்சர்டு க்ளோன் என்ற ஃபங்ஷன் கூடவே இருக்கும்போது அந்த வரிக்குத் தேவையே இல்லை. வரிசைப்படுத்தும் சார்ட்டும் இப்படித்தான், எதுவும் சொல்லாமல் விட்டால் எண்களை எழுத்தாக எண்ணி 1, 10, 9 என்று அடுக்கும்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது பாதுகாப்பைத் தொடும் ஃபங்ஷன்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ரேண்டம் எண் தரும் மேத் ரேண்டம் வைத்து ஓடிபி, பாஸ்வேர்டு உண்டாக்குகிறார்கள், அதை யாராலும் ஊகிக்க முடியாது என்ற உத்தரவாதம் அதற்குக் கிடையாது. தயவுசெய்து பாதுகாப்பான ரேண்டம் எண் தரும் கிரிப்டோ ஏபிஐயை எடுங்கள். இரண்டு ஆப்ஜெக்டை ஆழமாக மெர்ஜ் பண்ணும் ஃபங்ஷனும் அப்படியே: அத்தனை பேர் பயன்படுத்தும் லோடாஷ் லைப்ரரியிலேயே 2019-இல் டிஃபால்ட்ஸ் டீப் ஃபங்ஷனில் ப்ரோட்டோடைப் பொல்யூஷன் (எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான ப்ரோட்டோடைப்பை வெளியாள் மாற்றிவிடுவது) ஓட்டையை அடைக்க வேண்டி வந்தது, வெளியாள் அனுப்பும் ஜேசானை நீங்கள் தனியாக எழுதிய மெர்ஜிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களைப் பகிரும் என்பிஎம்மில் ஏற்றுவதும் விளையாட்டில்லை. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் எடுத்துவிட்டார், அதை மறைமுகமாக நம்பியிருந்த பாபெல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட எத்தனையோ ப்ராஜெக்டுகளின் பில்டு நின்றது, என்பிஎம்மே அதைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. நீங்கள் பழகப் போட்டதை யாரோ ஒருவர் நம்பி இன்ஸ்டால் பண்ணலாம். அதனால் ப்ராஜெக்டின் விவரம் இருக்கும் பேக்கேஜ் ஜேசான் ஃபைலில் "பிரைவேட்" என்பதை ட்ரூ என்று வையுங்கள், என்பிஎம் அதன்பின் பப்ளிஷ் பண்ண விடாது. ரீட்மீயின் முதல் வரியிலேயே "பயிற்சிக்கு எழுதியது" என்று போட்டுவிடுங்கள். இன்டர்வியூவில் அந்த வரியைப் பார்த்து யாரையும் நான் குறைவாக மதிப்பிட்டதில்லை, சரி, இதில் எந்த ஃபங்ஷன் எந்த இன்புட்டுக்கு உடையும் என்றுதான் அடுத்துக் கேட்பேன்.