வெள்ளம் வருமுன் ஒரு நாள் மைதானத்துக்கு வாருங்கள்

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். டர்பனுக்குப் பக்கத்து ஊரான டோங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நாட்களை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது தண்ணீர் லாரிதான். எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, போனில் கேட்கலாம் என்றால் சிக்னல் கிடையாது, அடுத்த மேட்டில் லாரி நின்று காலியாகித் திரும்பிப் போயிருக்கும், இந்தப் பக்கம் ஆயாக்கள் வாளியோடு காத்துக்கொண்டிருப்பார்கள். கோயில் மண்டபத்தில் நல்ல ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அறையின் சாவி வைத்திருந்தவர் உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

நான் டர்பனில் நெட்வொர்க் பொறியாளர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் கோயில் இளைஞர்கள் சிலர், "அண்ணா, டவர் போனாலும் மண்டபத்துக்கு மண்டபம் நாமே பேசிக்கொள்ள வழி உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு. இரண்டு மேடுகளில் இரண்டு டிஷ் ஆன்டெனா, நடுவே வைஃபை லிங்க், இரு முனையிலும் பேட்டரி. பொருள் வாங்குவது பெரிய விஷயமில்லை. அதை மழையிலும் பதற்றத்திலும் தூக்கி நிறுத்தத் தெரிந்த ஆட்கள் ஊரில் இருக்க வேண்டும், அதற்குத்தான் வருடத்துக்கு ஒரு நாளாவது ஃபீல்டு டே, அதாவது எல்லாவற்றையும் வெளியில் கட்டிப் பார்க்கும் பயிற்சி நாள், நடத்தச் சொல்கிறேன். அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1933-லிருந்து நடத்துகிறார்கள், இங்கே தென்னாப்பிரிக்க ரேடியோ லீகின் ஹாம்நெட் குழு பேரிடர்க் காலத் தொடர்புக்கென்றே பயிற்சி எடுக்கிறது.

திட்டமிடும்போது எல்லோரும் முதலில் சாமான் பட்டியல் போடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியில் வையுங்கள். முதல் வேலை நடப்பது. இரண்டு முனைகளுக்கும் நேரில் போய், கூரை மட்டத்தில் நின்று, எதிர் மேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். கூகுள் எர்த் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் கட்டிய மாடியையும் ஐந்து வருடத்தில் வளர்ந்துவிட்ட யூகலிப்டஸ் வரிசையையும் காட்டாது.

இங்கே கரும்புதான் பெரிய ஏமாற்று. நாங்கள் முதல்முறை பாதை பார்க்கப் போனபோது நடுவிலிருந்த தோட்டத்தில் அறுவடை முடிந்து வெறும் கட்டைதான் இருந்தது. பளிச்சென்று எதிர் மண்டபம் தெரிந்தது. ஃபீல்டு டே பல மாதம் தள்ளிப்போய், நாங்கள் திரும்பி வந்தபோது கரும்பு இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அப்போதும் கண்ணுக்கு எதிர் மண்டபம் தெரிந்தது, ஆனால் லிங்க் நிற்கவில்லை. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை. நடுவில் வயிறு பருத்த வெள்ளரிக்காய் மாதிரி ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஃப்ரெனெல் மண்டலம் என்பது அதைத்தான். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.5 கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியில் அதன் ஆரம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே குறைந்தது 5 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதே இடத்தில் ஏழரை மீட்டர். கரும்பு 3, 4 மீட்டர் வளரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

பாதை பார்க்க ட்ரோன் விடலாமே என்று யாராவது சொல்வார்கள். டோங்காட், வெருலம் பக்கம் இருப்பவர்கள் கிங் ஷாகா விமான நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. ஏணியும் பைனாகுலரும் போதும்.

அடுத்தது திசை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு முழு காலைப்பொழுதை இதில்தான் இழந்தோம். லேப்டாப் வரைபடத்தில் எதிர் முனை 300 டிகிரியில் இருந்தது. தம்பி ஒருவன் கையில் காம்பஸை வைத்து 300-க்கு டிஷ்ஷைத் திருப்பி இறுக்கினான். ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினோம், ரேடியோவை (டிஷ்ஷோடு இணைக்கும் வைஃபை கருவியை) மாற்றினோம், பாஸ்வேர்டை மூன்று முறை அடித்தோம். கோளாறு அங்கே எங்கும் இல்லை. டர்பனில் காந்த முள் உண்மையான வடக்கைக் காட்டாது, அதற்கு மேற்கே ஏறத்தாழ 25 டிகிரி தள்ளிக் காட்டும். தமிழ்நாட்டில் இந்த வித்தியாசம் மிகச் சின்னது, அதனால் எனக்கே அது மனதில் வரவில்லை. வரைபடம் 300 சொன்னால் இங்கே காம்பஸில் 325 வைக்க வேண்டும். 23 டிபிஐ (ஆன்டெனாவின் பெருக்கத்தைச் சொல்லும் அலகு) டிஷ்ஷின் கதிர் அகலம் சுமார் 10 டிகிரிதான், 25 டிகிரி தப்பினால் எதிர் மேட்டைத் தொடவே தொடாது. தகரக் கூரைமேல் நின்று காம்பஸ் பார்ப்பதும் வேண்டாம், இரும்பு முள்ளை இழுக்கும். கீழே இறங்கி, பத்தடி தள்ளி நின்று பார்த்து, அந்தத் திசையில் தூரத்தில் ஒரு மரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ குறி வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

ஒரு முனை ஆடாமல் நிற்க, மறு முனையை மெல்ல மெல்ல இடது வலது திருப்ப வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் திருப்பினால் நாள் முழுக்கத் தேடலாம். ரேடியோ காட்டும் சிக்னல் எண்ணைப் படித்துச் சொல்ல ஒருவர், திருப்ப ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்ன எண் வர வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். 5.5 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டருக்கு வெட்டவெளி இழப்பு 121 டெசிபெல். அனுப்பும் பக்கம் 30 டிபிஎம் (சிக்னலின் பலத்தைச் சொல்லும் அலகு), வாங்கும் பக்கம் 23 டிபிஐ டிஷ் என்றால் கிடைக்க வேண்டியது மைனஸ் 68 அளவில். மைனஸ் 70 வந்தால் சரி, இறுக்கிவிடலாம். மைனஸ் 85-இல் லிங்க் வந்துவிட்டது என்று கைதட்டாதீர்கள், அது டிஷ்ஷின் ஓரத்துச் சிறு கதிரில் மாட்டியிருக்கும், இன்னும் திருப்புங்கள்.

அந்த 30 டிபிஎம் என்பது 1 வாட். 5470-இலிருந்து 5725 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றி அனுமதிக்கப்பட்ட உச்சம் அது, அதிலும் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து. 23 டிபிஐ டிஷ் மாட்டினால் ரேடியோவில் 7 டிபிஎம் மட்டுமே வைக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் உச்சம் 100 மில்லிவாட்தான். ரேடியோவின் அமைப்பில் எந்த நாடு என்று கேட்கும் இடத்தில் தென்னாப்பிரிக்காவைப் போடுங்கள், வேறு நாட்டைப் போட்டு சக்தியை ஏற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அதே அலைவரிசையில் வானிலை ரேடார்கள் இருக்கின்றன. மழை வருவதைச் சொல்லும் கருவியை நாமே குழப்பினால் என்ன நியாயம்? ரேடியோவும் தொடங்குமுன் ரேடார் இருக்கிறதா என்று 60 நொடி காத்துக் கேட்கும், 5600 முதல் 5650 வரையான பகுதியில் 10 நிமிடம் கேட்கும். இது தெரியாமல் ரேடியோ செத்துவிட்டது என்று பத்து தடவை அணைத்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது முதலிலிருந்து கேட்க ஆரம்பிக்கும்.

உங்களுக்குள் பேசிக்கொள்வது ஒன்று, பணம் வாங்கி இணையம் கொடுப்பது வேறு. பணம் வாங்குவதென்றால் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவிடம் உரிமமோ, உரிமத்திலிருந்து விலக்கோ வாங்க வேண்டும். முடியாத காரியமில்லை. கிழக்குக் கேப்பில் மான்கோசி கிராமத்து மக்கள் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, 2014-இல் கூட்டுறவு பதிவு செய்து, விலக்கும் வாங்கி ஜென்செலேனி என்ற நெட்வொர்க்கை நடத்திக் காட்டினார்கள். சூரிய மின்சாரத்தில் ஓடும் நிலையங்கள், அதிலேயே கட்டணத்துக்குப் போன் சார்ஜும் செய்து கொடுத்தார்கள். "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்பதுதான் அந்தப் பெயருக்குக் கோசா மொழியில் பொருள்.

மின்சாரத்துக்கு வருவோம். மண்டபத்து பிளக்கில் செருகிவிட்டுப் பயிற்சி செய்தால் அது பயிற்சியே இல்லை. லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நம் எல்லோருக்கும் பழகிவிட்டது, அப்படியிருந்தும் இந்த ஒன்றை விட்டுவிடுகிறோம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது, ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 42 என்று வையுங்கள். 6 வாட் ரேடியோ ஏழு மணி நேரம் ஓடும், வோல்டேஜ் ஏற்றும் கருவி தின்பது போக ஆறு. இரண்டு பேட்டரி இருந்தால் நாள் ஓடிவிடும். 24 வோல்ட் ரேடியோவையும் 48 வோல்ட் அடாப்டரையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், அடாப்டர் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மலிவான அலுமினிய கேபிளும் வேண்டாம்.

தேதிக்கு என் பரிந்துரை ஜூன் 16, இளைஞர் தினம். விடுமுறை, டர்பனில் மழை குறைந்த காலம். ஆனால் ஐந்து மணி தாண்டினாலே இருட்டிவிடும், மூன்றரைக்கு மேல் யாரும் கூரையில் இருக்கக் கூடாது. கரும்பு எரிக்கும் பருவமும் அதுதான், தோட்டக்காரரிடம் அன்றைக்கு எரிப்பு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பிற்பகல் இடிமழையில் இரும்புக் கம்பத்தோடு மேட்டில் நிற்பது உயிரோடு விளையாடுவது. எப்போதாக இருந்தாலும் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குள் என்றால் எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. மின்கம்பி பக்கத்தில் போனால், கம்பம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில் நடுங்கள். கரும்புக்குள் யாரும் தனியாக இறங்க வேண்டாம், மாம்பா இருக்கும் ஊர் இது.

நெட்வொர்க் அமைப்பை எளிதாக வையுங்கள். ஒவ்வொரு போனுக்கும் நெட்வொர்க் முகவரி கொடுப்பது ஒரே ஒரு ரவுட்டர், அவ்வளவுதான். ஆர்வத்தில் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகுபவர் எப்போதும் ஒருவர் இருப்பார், அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் பாதி போன்கள் காணாமல் போகும்.

ஊராரைக் கூப்பிடும்போது வேகப் பரிசோதனை எண்களைக் காட்டி யாரையும் உட்கார வைக்க முடியாது. நாங்கள் தண்ணீர் லாரியை வைத்தே ஒரு ஒத்திகை நடத்தினோம். எல்லோரும் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும், அந்த மேட்டில் லாரி வந்துவிட்டது என்று இந்த மேட்டுக்குச் செய்தி சொல்ல வேண்டும். எதிர் வீட்டு ஆயா போனை வாங்கி, அந்தப் பக்கம் இருந்த தன் தங்கையிடம், "லாரி நிக்கிதா? நெசமாவா?" என்று மூன்று முறை கேட்டார். ஒத்திகைதான் என்று தெரிந்தும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அன்றைய முக்கியமான வேலை. கட்டியதை எல்லாம் இறக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, காலையில் கை வைக்காதவர்களை மறுபடி கட்டச் சொன்னோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. காலையில் எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணும் அவள் சித்தப்பாவும் ஐம்பது நிமிடத்தில் மைனஸ் 71 கொண்டுவந்தார்கள். முடித்ததும் அவள் கம்பத்தில் ஒரு டேப்பை ஒட்டி, மார்க்கரால் "காம்பஸ் 325, குறி: தண்ணீர்த் தொட்டி" என்று எழுதினாள்.

கம்பமும் பெட்டியும் மண்டபத்துப் பின்னறையில் இருக்கின்றன. அந்த அறைக்கு இப்போது மூன்று சாவி. ஒன்று கோயில் செயலாளரிடம், ஒன்று அந்தப் பெண்ணின் சித்தப்பாவிடம், ஒன்று எதிர் வீட்டு ஆயாவிடம்.