மரப்பாலத்துக்கு எதற்குக் கூரை?

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் கிராமப்புறச் சாலைகளில் போனால், ஆற்றின் குறுக்கே யாரோ தானியக் கொட்டகை கட்டிவைத்தது போல ஒன்று தென்படும். கிட்டே போனால் சாலை அதற்குள்ளேயே நுழையும். அதுதான் கூரைப் பாலம். எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே கனெக்டிகட் ஆற்றின்மேல் நிற்கும் கார்னிஷ்-வின்ட்சர் பாலம். 1866இல் கட்டியது. நீளம் 449 அடி. ஆற்றின் நடுவே ஒரே ஒரு கல்தூண். அதே இடத்தில் முன்பு இருந்த மூன்று பாலங்களையும் வெள்ளம் அடித்துப் போயிற்று. இந்த நான்காவது பாலத்தில் இன்றும் கார்கள் போகின்றன.

சரி, கூரை எதற்கு? பனி உள்ளே விழாமலிருக்க என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பாலத்துக்குள் பனி இல்லாததுதான் தொல்லை. குளிர்காலத்தில் மக்கள் போனது சறுக்குவண்டியில். வெறும் பலகையில் அது நகராது. அதனால் ஆள் வைத்துப் பனியை அள்ளி வந்து உள்ளே பரப்பினார்கள்!

கூரை மரத்துக்காகப் போட்டது. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அது வளர ஈரம் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. மழை நேராக விழும் இடத்தில் தண்ணீர் போய்த் தேங்குவது இரண்டு மரங்கள் சேரும் மூட்டுகளில். பாலத்தின் பாரம் முழுக்க கைமாறுவதும் அங்கேதான். 1805இல் பிலடெல்பியாவில் டிமதி பாமர் கட்டி முடித்த பாலத்துக்குக் கூரை போட வேண்டுமென்று நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ் வற்புறுத்தினார். பாமரும் அதை ஆதரித்தார். மூடாத மரப்பாலம் 10, 12 ஆண்டுகளுக்குமேல் தாங்காது, மூடினால் 30, 40 ஆண்டு நிற்கும் என்பது அவர் கணக்கு. அவர் நினைத்ததைவிடப் பல மடங்கு நீண்ட ஆயுள் பல கூரைப் பாலங்களுக்கு வாய்த்தது.

கூரைப் பாலத்துக்குப் போனால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நடந்து பக்கச்சுவரைப் பாருங்கள். வெளியே தெரிகிற பலகைகள் வெறும் போர்வை. உள்ளே மரங்களை முக்கோணங்களாக இணைத்திருக்கும் சட்டக்கூடுதான் பாலம். நான்கு குச்சிகளைச் சதுரமாக ஆணியடித்தால் அது ஒருபக்கம் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சியை அடித்தால் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிடுகிறது. மிகச் சிறிய பாலங்களில் சாய்ந்த இரண்டு மரங்களும் நடுவில் ஒரு தூணும் மட்டும் இருக்கும். அந்தத் தூண் ஏதோ தாங்கி நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அது தொங்குகிறது! சாய்ந்த மரங்கள் உச்சியில் ஒன்றையொன்று முட்டி நிற்க, அந்த உச்சியிலிருந்து தொங்கும் தூண் பாலத்தின் தளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாய்ந்த மரங்களில் அமுக்கம், தூணில் இழுப்பு. இது புரிந்த பிறகு எந்தப் பாலத்தைப் பார்த்தாலும் கண் தானாக எது அமுங்குகிறது, எது இழுபடுகிறது என்று தேட ஆரம்பித்துவிடும்.

கார்னிஷ்-வின்ட்சர் பாலத்தில் இருப்பது இதைவிட அழகான ஏற்பாடு. 1820இல் இத்தியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் காப்புரிமை வாங்கிய கிராதி அமைப்பின் ஒரு வகை அது. சன்னல் கிராதி போலவே குறுக்கும் நெடுக்கும் சாய்ந்த மரங்கள். அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் துளையிட்டு மர ஆணிகளை அடித்து இறுக்கியிருப்பார்கள். டவுனின் அமைப்புக்கு, ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் பொருத்தும் கைதேர்ந்த தச்சர் தேவையில்லை. ஊர் அறுப்பாலையில் கிடைக்கும் ஒரே அளவுப் பலகைகள் போதும். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஒரு பலகை பழுதானால் அதன் பாரத்தை அக்கம்பக்கத்துப் பலகைகள் பகிர்ந்துகொள்ளும், பாலம் விழாது. குறை என்னவென்றால், இவ்வளவு உயரமான மெல்லிய சுவர் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். கூரைக்கு அடியில் இரண்டு சுவர்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் அதைத் தடுக்கின்றன.

பூஞ்சையை வென்ற இந்தப் பாலங்களை வெள்ளம் வென்றிருக்கிறது. பக்கப் பலகைவரை தண்ணீர் ஏறிவிட்டால், முழுச் சுவரும் ஆற்றின் விசையை வாங்கிக்கொள்ளும். நியூயார்க் மாநிலத்தில் 1855இல் கட்டிய பழைய பிளென்ஹெய்ம் பாலம், நடுவில் தூணே இல்லாமல் 210 அடியைத் தாண்டி நின்றது. 2011இல் ஐரீன் புயல் வெள்ளம் அதைக் கொண்டுபோனது. அந்தச் செய்தியை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

திரும்பும்போது கரையோரம் இறங்கி, பாலம் கல்லில் உட்காரும் இடத்தையும் பாருங்கள். மண், சருகு, ஈரம் எல்லாம் சேர்வது அங்கேதான். பல பாலங்களில் கல்லுக்கும் சட்டக்கூட்டுக்கும் நடுவே தடித்த மரக்கட்டை ஒன்று வைத்திருப்பார்கள். ஈரம் முதலில் அதைத் தின்னட்டும் என்று வைத்த கட்டை. அது மக்கியதும் பாலத்தைக் கொஞ்சம் தூக்கி, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவார்கள்.