மரு ஏன் ஒரே நேரத்தில் மறைகிறது?

கையில் ஏழெட்டு மரு இருக்கும். எதற்கும் அசையாது. அப்புறம் ஒருநாள் எல்லாமே சேர்ந்தாற்போல் சுருங்கி மறைந்துவிடும். கடைசியாகப் பூசிய மருந்துக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் தானாக வதங்கும் மருவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், அதற்குள் நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள் மொய்த்திருக்கும்.

மருவை உண்டாக்குவது ஹெச்பிவி எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ். இந்த வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு; 16, 18 ஆகிய இரண்டும்தான் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

டி செல்கள் இவ்வளவு தாமதமாக வருவது ஏன்? வைரஸ் சத்தமே போடுவதில்லை. நுண்ணிய கீறல் வழியாக மேல்தோலின் அடியடுக்குச் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல் முதிர்ந்து மேலேறும்போது கூடவே ஏறுகிறது. எப்படியும் உதிரப்போகிற மேலடுக்கில்தான் புது வைரஸ்கள் உருவாகின்றன. ரத்தத்தில் கலப்பதில்லை, செல்லை வெடிக்க வைப்பதில்லை, அழற்சியும் பெரிதாக இல்லை.

பாதிக்கப்பட்ட செல், உள்ளே இருக்கும் புரதங்களின் துணுக்குகளை ஹெச்எல்ஏ என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். கொல்லும் டி செல் பார்ப்பது அதைத்தான். வைரஸின் இ5 புரதம் இந்த ஹெச்எல்ஏவை உள்ளேயே நிறுத்திவிடும். முழுவதையும் அல்ல, ஏ, பி வகைகளை மட்டும். ஹெச்எல்ஏ அறவே இல்லாத செல்லை இயற்கைக் கொல்லி செல்கள் தாக்கும் என்பதால் சி, இ வகைகள் அப்படியே விடப்படுகின்றன. கெட்டிக்கார வைரஸ்தான்!

ஆனாலும் தோலிலுள்ள காவல் செல்கள் எப்போதாவது ஒரு வைரஸ் துணுக்கை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்விடும். அங்கே பொருத்தமான டி செல் பெருகுகிறது. உதவி டி செல்கள் தூண்ட, கொல்லும் டி செல்கள் தொற்றிய இடங்களுக்கெல்லாம் வருகின்றன. மருக்கள் சேர்ந்தாற்போல் மறைவது அதனால்தான். கருப்பை வாய்த் தொற்றில் பத்தில் ஒன்பது, இரண்டு ஆண்டுகளுக்குள் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். ஹெச்ஐவி உதவி டி செல்களை அழிப்பதால், அத்தொற்று உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு.

2006 முதல் கிடைக்கும் தடுப்பூசி, வைரஸின் வெளியுறைக்கு எதிரான ஆன்டிபாடிகளை உருவாக்கி, உள்ளே நுழையும் முன்பே மறிக்கிறது. நுழைந்த பிறகு பயனில்லை. அடியடுக்குச் செல்லில் அந்த உறைப் புரதம் உருவாவதே இல்லை. ஆனால் வைரஸின் இ6, இ7 புரதங்கள் இல்லாமல் புற்றுச்செல் பிழைக்காது. ஆகவே டி செல்களுக்கு அவையே சரியான இலக்கு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்களுக்கு அந்தப் புரதத் துணுக்குகளை ஊசியாகப் போட்டார்கள். ஓராண்டில் 19 பேரில் 9 பேருக்கு அது முற்றிலும் மறைந்தது. அவர்களுக்குத்தான் டி செல் எதிர்வினை வலுவாக இருந்தது.