இரண்டு பெயர், ஒரே குளிசை

போன கிழமை விடியப்புறம் ஐந்தரைக்கு வீட்டுக் கேற்றைத் தட்டினார்கள். ஓட்டோவுக்குள் எழுபத்தாறு வயது ஆச்சி. உடம்பெல்லாம் வியர்த்துச் சட்டை ஒட்டிக் கிடக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேச்சுக் குழறுகிறது. "பாரிசவாதம் எண்டு நினைக்கிறம் டொக்டர்" என்று மகள் அழுகிறார். விரலில் குத்திப் பார்த்தேன். சீனி 38, ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் ஆச்சி எழும்பியிருந்து, "ஏன் எல்லாரும் அழுறியள்?" என்று கேட்டார்.

மகள் ஓட்டோவை வீட்டுப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டார். நான் விடவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆச்சி போட்டது கிளிக்லசைட், சீனியைக் குறைக்கிற குளிசை. ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்த பிறகும் அந்தக் குளிசை உடம்புக்குள் நின்று வேலை செய்யும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் சீனி திரும்பவும் விழும். ஒரு நாளாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடு.

பின்னேரம் மகளைக் கூப்பிட்டு, "வீட்டில இருக்கிற குளிசை முழுக்கக் கொண்டு வாங்கோ பிள்ளை" என்றேன். புடவைக்கடைப் பை ஒன்று நிரம்பி வந்தது. மாதக் கிளினிக்கில் கொடுத்த கிளிக்லசைட். கனடாவிலிருந்து மகன் போனில் ஒழுங்கு செய்து, தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டிய டொக்டர் எழுதிய டயமிக்ரோன். இரண்டும் ஒரே மருந்து. ஆச்சி இரண்டையும் ஒரு நாளும் பிசகாமல் போட்டிருக்கிறார். போதாக்குறைக்கு முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக், அதுவும் இரண்டு கம்பனியில். பிரஷருக்கு லொசார்டானும் கால் வீக்கத்துக்கு மூத்திரக் குளிசையும் போடுகிறவருக்கு டைக்ளோபெனக் சேர்ந்தால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்று மருத்துவ மாணவரைக் கேட்டாலே சொல்லுவார்.

"அது வேற டொக்டர் தந்த வேற மருந்தெல்லே?" என்றார் மகள்.

இல்லை. இல்லவே இல்லை. ஊரில் ஒருவருக்குப் பதிவில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிடுகிற பெயரும் இருப்பதுபோலத்தான் குளிசைக்கும். கம்பனி வைத்த பெயர் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். பனடோலும் பரசிற்றமோலும் ஒன்று என்பது இப்போது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அதே கணக்குத்தான் டயமிக்ரோனுக்கும் கிளிக்லசைட்டுக்கும், குளுக்கோபேஜுக்கும் மெற்ஃபோர்மினுக்கும். நிறம் வேறு என்பதால் மருந்து வேறாகாது. விலை கூட என்பதாலும் ஆகாது. லண்டனிலிருந்து வந்த போத்தல் என்பதாலும் ஆகாது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக் துண்டோடு பார்மசிக்கு அலைந்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு மாதம் வெள்ளை வட்டம், அடுத்த மாதம் நீட்டுக் குளிசை. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து மருந்தை அடையாளம் பிடிக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். மெதொற்றெக்சேற்றும் போலிக் அசிட் என்ற விற்றமினும் இரண்டும் சின்ன மஞ்சள் குளிசைகள். மூட்டுவாதத்துக்கு முன்னதைக் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டும். மாறி நாள்தோறும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. பெயர் எழுதாத கடதாசி உறையில் "காலை 1 இரவு 1" என்று மட்டும் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. பெயரை எழுதினால் அடுத்தமுறை ஆள் நேரே பார்மசிக்குப் போய்விடும் என்ற பயம். தொடக்க காலத்தில் நானும் அப்படித்தான் கொடுத்தேன். பெயர் இல்லாத உறை தந்தால் கேளுங்கள். டொக்டர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. "காசு பிரச்சினையில்லை, அம்மாவை நல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்கிறீர்கள். அன்பு விளங்குகிறது. நீங்கள் காட்டுகிற நிபுணர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் முன்னால் அம்மா பத்து நிமிடம் இருக்கிறார், கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு. வேறு இடத்தில் காட்டுவதைச் சொன்னால் ஏசுவார் என்று வாயும் திறப்பதில்லை. என் கிராமத்து டிஸ்பென்சரியில் ஸ்கான் மெஷின் கிடையாது. ஒரு கொப்பி இருக்கிறது. அதில் ஆச்சியின் பதினெட்டு வருடம் இருக்கிறது. எந்தக் குளிசைக்குத் தலை சுற்றியது, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியற்றினின் இரத்தத்தில் எப்போது ஏறத் தொடங்கியது, கிழவர் போன பிறகு இரவுச் சாப்பாட்டை எப்போது விட்டார், எல்லாம். இருமலுக்கும் சளிக்கும் மட்டும் என்னிடம் வந்தால் அந்தக் கொப்பியால் என்ன பிரயோசனம்? நிபுணரிடம் தாராளமாகப் போங்கள். திரும்பி வரும்போது அவர் எழுதிய துண்டை ஊர் டொக்டரிடம் ஒருக்கால் காட்டுங்கள். எல்லாக் குளிசையையும் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே, பையோடு வாருங்கள். ஓயின்மென்ட், நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா தந்த நோவுக் குளிசை, ஒன்றும் விடாமல். குளிசையை அட்டையிலிருந்து உதிர்த்துப் போத்தலில் கொட்டி வைக்காதீர்கள். பெயரும் திகதியும் அட்டையில்தான் இருக்கிறது. கந்தசஷ்டி பிடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலே வந்து சொல்லுங்கள், ஏசமாட்டேன். சாப்பிடாமல் சீனிக் குளிசையை மட்டும் போட்டுவிட்டுக் கோயில் சுற்றாதீர்கள். சீனி வருத்தக்காரர் வியர்த்து, நடுங்கி, பிதற்றினால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனி கரைத்துக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரைக்கேறிவிடும். 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். என் கேற்றைத் தட்டி அரை மணித்தியாலம் வீணாக்க வேண்டாம்.

ஆச்சி நேற்று வந்தார். இப்போது ஐந்து குளிசைதான். பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தேன். மிச்சப் பையைக் குப்பைக்கு எடுத்து வைத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எறிஞ்சு போடாதேங்கோ. சண்டை நேரம், மருந்து வராத தடைக் காலத்தில ஒரு குளிசைக்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதே." தெரியும் என்றேன். பையை அடியோடு மேசையில் கொட்டி, இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகத் திகதி பார்க்கத் தொடங்கினோம்.