கவுன்சலிங்குக்கு உளவளத்துணையே சரி

கிறிஸ்தவ கவுன்சலிங் முதுகலை, ‘கிறிஸ்தவ ஆலோசனை முதுகலைப் படிப்பு’ என்று மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் சேர்க்கைத் தாள்களிலும் சபை அறிவிப்புகளிலும் ஓயாமல் அச்சாகிறது. அதை நம்பிச் சேருகிறவர்கள், நன்றாகப் புத்திசொல்லக் கற்றுத் தருவார்கள் என்று எண்ணி வருகிறார்கள். படிப்போ அந்தப் பழக்கத்தை விடவைக்கிற படிப்பு.

‘கவுன்சல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் எளிது. லத்தீன் ‘கோன்சிலியும்’, கலந்தெண்ணுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நகராட்சி ‘கவுன்சில்’ வேறொரு லத்தீன் சொல்லின் வழி. ஆகவே கவுன்சிலர் வார்டு உறுப்பினர், கவுன்சலர் வேறு ஆள். இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டில் ஊன்றியது. 1925இல் போதகர் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்குள் அழைத்துப்போய்ப் பயிற்றுவித்தார். 1940களில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், வந்தவர் தாமே வழி காணும்படி செவிகொடுப்பதே இந்தப் பணியின் உயிர் என்று நிறுவினார். அவரும் சிலகாலம் இறையியல் படித்தவர்தாம்.

‘ஆலோசனை’ வடமொழி, பார்த்தல், எண்ணிப்பார்த்தல் என்பது அதன் அடி. தமிழில் அது கொடுக்கிற பொருளாகிவிட்டது: அமைச்சர் அரசனுக்குக் கொடுப்பார், வக்கீல் கட்சிக்காரருக்குக் கொடுப்பார். அதனால்தான் ‘பிள்ளைக்குக் கொஞ்சம் கவுன்சலிங் குடுங்க’ என்கிறார்கள் பெற்றோர். கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் ‘ஆலோசன வந்நு’ என்றால் கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார்கள். இரு மொழியும் புழங்கும் ஊர்களில் இந்தச் சொல் இன்னும் வழுக்கும்.

‘ஆலோசனை’யே சரி என்று வேதாகமத்தைக் காட்டி வாதிடுவோருக்கு வேதாகமமே பதில். ஏசாயா 9:6இல் வரப்போகும் அரசருக்கு ‘ஆலோசனைக்கர்த்தா’ பொருந்தும். அது அரசவைச் சொல், மலையாளத்தில் ‘அத்புதமந்த்ரி’. ஆனால் சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் யோவான் 14:16இல் பரிசுத்த ஆவியையும் அதே ‘கவுன்சலர்’ என்றன. அங்கே கிரேக்கம் ‘பராக்ளேத்தோஸ்’: பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர். பழைய தமிழ் வேதாகமம் ‘தேற்றரவாளன்’ என்றது. கத்தோலிக்கர் ‘துணையாளர்’ என்கிறார்கள். ஆங்கிலம் ஒன்றாகக் குழப்பிய இரண்டைத் தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தது. ஆங்கில நூலை மட்டும் விரித்துவைத்து மொழிபெயர்ப்பவர்கள் இந்தச் செல்வத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இது வருத்தத்துக்குரியது.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில், கவுன்சலிங் படிப்புகளுக்குத் தர ஏற்பு வழங்கும் ‘கேக்ரெப்’ அமைப்பின் ஏற்புள்ள முதுகலைகளில், கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் நடத்துபவை உட்பட, முதல் களப்பயிற்சி 100 மணி நேரம், அதில் 40 நேருக்கு நேர் அமர்வு. பிறகு 600 மணி நேரம், அதில் 240 நேருக்கு நேர் அமர்வு. போதகப் பராமரிப்புப் பயிற்சியில் ‘வெர்பேட்டிம்’ எழுதவேண்டும்: உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி, எண்ணிட்டு, மௌனமும் அழுகையும் விடாமல். பயிற்றுநர் சுட்டுவது மாணவர் எங்கே அவசரப்பட்டார் என்பதைத்தான். பிள்ளையை இழந்தவரிடம் ஐந்தாவது நிமிடத்தில், எல்லாம் நன்மைக்கே என்கிற ரோமர் 8:28 வசனத்தைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடியும். வந்தவர் கோபத்தைச் சொல்லி முடிக்குமுன் ‘ஜெபிப்போம்’ என்றாலும் அப்படியே; ஜெபம் தவறல்ல, நேரம் தவறு. கேட்டதை ஜெபக்குறிப்பாக்கிச் சபையில் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் கொடிது. சிறிய ஊரில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். இத்தனையும் பழகுகிற படிப்புக்கு ‘ஆலோசனை’ என்று பெயரிட்டால், முதல் வகுப்பிலேயே ஆசிரியர் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டவேண்டியிருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. 1970 முதல் அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் வளர்த்த ‘நூதெட்டிக்’ மரபு, ரோமர் 15:14இன் ‘புத்திசொல்லுதல்’ என்பதையே அடிப்படையாகக் கொள்கிறது. அந்தப் படிப்பை ‘வேதாகமப் புத்திசொல்லல்’ என்றே எழுதலாம். பாடத்திட்டத்தைப் படித்துவிட்டுப் பெயர் வைக்கவேண்டும்.

மாற்றாகச் சொல்லப்படும் ‘ஆற்றுப்படுத்தல்’ அழகான சொல், தூய தமிழ். ஆனால் ஆற்றுப்படையில் பரிசு பெற்றவன் மற்றவனுக்கு வழியும் வள்ளலும் சொல்லி அனுப்புகிறான். அது வழிகாட்டல். போகவேண்டிய இடம் சொல்பவனுக்கு முன்பே தெரியும். கவுன்சலிங் அறையில் அது தெரியாது.

ஈழத்தில் ‘உளவளத்துணை’ புழங்குகிறது. பராக்ளேத்தோஸின் ‘பக்கத்தில்’ என்ற பொருள் அதன் ‘துணை’யில் அப்படியே இருக்கிறது. ‘கொடு’ என்ற வினையும் அதோடு எளிதில் ஒட்டாது. துணை நிற்கலாம், துணை வரலாம், துணை நாடலாம். வருகிறவரை ‘நோயாளி’, ‘கேஸ்’ என்னாமல் ‘துணைநாடுநர்’ எனலாம். உளவியலையும் இறையியலையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டத்தைக் ‘கிறிஸ்தவ நோக்கில் உளவளத்துணை’ என்று எழுதுங்கள். ‘கிறிஸ்தவ உளவளத்துணை’ என்று சுருக்கினால், கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான துணை என்று படிப்பார்கள். நோக்கு துணைநிற்பவருடையது, கதவைத் தட்டுகிறவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம்.